சிப்பிக்குள் முத்து எப்படி வளர்கிறது?

முத்து எப்படி உண்டாகிறது என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான் வரும். கடலடியில் வாய் திறந்து கிடக்கும் சிப்பிக்குள் மணல் துகள் போய்விடும், அது உறுத்தும், உறுத்தல் தாங்காமல் சிப்பி அதைச் சுற்றி வழுவழுப்பாக எதையோ பூசிக்கொண்டே இருக்கும், கடைசியில் அது முத்தாகிவிடும். பாட்டிமார் இதைவிடப் பழைய கதை ஒன்று சொல்வார்கள். சுவாதி நட்சத்திர நாளில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்தால் முத்தாகும் என்பது அந்தக் கதை. மழைத்துளிக் கதை அழகானது, கதையாகவே வைத்துக்கொள்வோம். மணல் கதைதான் சிக்கல். அது அறிவியல் போலவே இருப்பதால் பெரியவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சிப்பி வாழும் இடமே கடலடி. காற்றடித்துக் கடல் கலங்கும்போதெல்லாம் அதன் உடம்புக்குள் மணலும் சேறும் வந்துகொண்டுதான் இருக்கும். மணல் போனாலே முத்து உண்டாகும் என்றால் ஒவ்வொரு சிப்பிக்குள்ளும் ஒரு பிடி முத்து இருக்க வேண்டும். உண்மையில் ஆயிரக்கணக்கான சிப்பிகளைத் திறந்தால்தான் உருண்டையான நல்ல முத்து ஒன்றிரண்டு கிடைக்கும். தனக்குள் வரும் மணலைச் சிப்பி வழுவழுப்பான சளியில் சுற்றி வெளியே தள்ளிவிடும். அது அதற்கு அன்றாட வேலை.

அப்படியானால் முத்தைத் தொடங்கி வைப்பது எது? அதைச் சொல்வதற்கு முன் சிப்பியின் உடம்பைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். ஓடு எப்படி உண்டாகிறது என்று புரிந்தால் முத்தும் பாதி புரிந்தமாதிரி.

தூத்துக்குடிக்கும் இலங்கையின் மன்னாருக்கும் இடையில் உள்ள மன்னார் வளைகுடாவில் வாழும் முத்துச்சிப்பி உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு ஓடுகள், ஒரு பக்கம் கீல் போட்டதுபோல இணைந்திருக்கும். நடுவில் கெட்டியான தசை ஒன்று இரண்டு ஓடுகளையும் பிடித்திருக்கிறது. ஆபத்து என்று தெரிந்தால் அந்தத் தசை சுருங்கும், ஓடு பட்டென்று மூடிக்கொள்ளும். தலை கிடையாது, மூளை கிடையாது. நாக்கு வடிவத்தில் சிறிய கால் ஒன்று உண்டு. அதன் அடியிலிருந்து நார் போன்ற இழைகளைச் சுரந்து, அவற்றால் பாறையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டைத் தேடிப் போவதில்லை. கடல்நீரை உள்ளே இழுத்து, செவுள்களால் வடிகட்டி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைத் தின்றுவிட்டு, மிச்ச நீரை வெளியே விட்டுவிடும்.

சிப்பியின் மெத்தென்ற உடம்பை மெல்லிய தோல் ஒன்று இரண்டு பக்கமும் போர்த்தியிருக்கிறது. அது ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டியபடி இருக்கும். விஞ்ஞானிகள் இதை மேன்டில் என்பார்கள். நாம் போர்வைத்தோல் என்று வைத்துக்கொள்வோம். நம் கதாநாயகன் இந்தத் தோல்தான். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிப்பி பிறக்கும்போதே ஓட்டோடு பிறப்பதில்லை. தாய்ச்சிப்பி கடலில் விடும் முட்டைகள் லட்சக்கணக்கில் இருக்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு தூசி அளவுதான், ஆனால் ஒரு நாளுக்குள் அதற்குக் கண்ணாடி போன்ற மெல்லிய ஓடு முளைத்துவிடும். மூன்று வாரம் போலக் கடலில் மிதந்து திரிந்து, பிறகு பாறையிலோ வேறு சிப்பியின் மேலோ ஒட்டிக்கொள்ளும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் ஓட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். வீட்டை விட்டு வெளியே வராமலே வீட்டைப் பெரிதாக்க வேண்டிய நிலைமை! அதைச் செய்து தருவது போர்வைத்தோல்.

கடல்நீரில் கால்சியம் கரைந்திருக்கிறது. உங்கள் எலும்பிலும் பல்லிலும் இருப்பது அதே கால்சியம்தான். போர்வைத்தோலில் உள்ள செல்கள் அதை எடுத்து, கால்சியம் கார்பனேட் என்ற கெட்டிப் பொருளாக்கி, ஓட்டின் உட்புறத்தில் படிய வைக்கின்றன. சுண்ணாம்புக்கல், முட்டை ஓடு, சங்கு, பவளப்பாறை எல்லாமே அடிப்படையில் இதே பொருள்தான். ஆனால் சிப்பி அதைப் படிய வைக்கும் விதத்தில் ஒரு பெரிய நுணுக்கம் இருக்கிறது.

உடைந்த முத்துச்சிப்பி ஓடு ஒன்று கிடைத்தால் அதன் விளிம்பை உற்றுப் பாருங்கள். மூன்று அடுக்கு தெரியும். மேலே பழுப்பும் பச்சையும் கலந்த, சொரசொரப்பான மெல்லிய தோல். இது ஒருவகைப் புரதம். நடுவில் நெட்டுக்குத்தாக நிற்கும் தூண்கள் நெருக்கியடித்தமாதிரி ஒரு கெட்டி அடுக்கு. உள்ளே, சிப்பியின் உடம்பைத் தொடும் பக்கத்தில் மட்டும், பளபளவென்று நிறம் மாறி மாறி மின்னும் அடுக்கு. இதை முத்துப்படலம் என்று சொல்வோம். போர்வைத்தோலின் ஓரத்தில் உள்ள செல்கள் முதல் இரண்டு அடுக்கையும் போடும், நடுப்பகுதியில் உள்ள செல்கள் முத்துப்படலத்தைப் போடும். ஆளுக்கொரு வேலை.

முத்துப்படலத்தை மின்னணு நுண்நோக்கியில் பார்த்தால் கொத்தனார் கட்டிய சுவர் போலவே இருக்கும். செங்கல் இருக்கும் இடத்தில் அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் தகடுகள்; சாந்து இருக்கும் இடத்தில் மெல்லிய புரதப் பசை. எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தகடு, ஐந்து பங்குதான் பசை. ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் கனம். அரை மைக்ரோமீட்டர் என்றால் எவ்வளவு? உங்கள் ஸ்கேலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சின்னக் கோடுகளுக்கு நடுவில் உள்ள இடம் ஒரு மில்லிமீட்டர். அந்த இடத்துக்குள் இந்தத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 2000 அடுக்கு பிடிக்கும்.

இப்படிக் கட்டியதால் என்ன லாபம்? வெறும் அரகோனைட் கல்லைத் தட்டினால் விரிசல் ஒரே கோடாக ஓடி இரண்டாகிவிடும். முத்துப்படலத்தில் விரிசல் அப்படி ஓட முடியாது. ஒவ்வொரு தகட்டையும் சுற்றிச் சுற்றி வளைந்து போக வேண்டும், ஒவ்வொரு வளைவிலும் பசை இழுத்துப் பிடிக்கும். அதனால் சாதாரண கல்லைவிட இது பல மடங்கு உடையாமல் தாங்குகிறது. உடையாத பொருள்கள் செய்ய நினைக்கும் பொறியாளர்கள் இன்று சிப்பி ஓட்டை வைத்துப் பாடம் படிக்கிறார்கள்.

மின்னுவதற்கும் இதே அடுக்குகள்தான் காரணம். தகடுகள் ஒளியின் அலைநீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான கனத்தில் இருக்கின்றன. முத்தின் மேல் விழும் ஒளியில் கொஞ்சம் முதல் அடுக்கில் பட்டுத் திரும்பும், கொஞ்சம் இரண்டாவதில், கொஞ்சம் மூன்றாவதில். திரும்பி வரும் ஒளிகள் ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் கூடிப் பிரகாசமாகும், சில நிறங்கள் மங்கிப்போகும். முத்தைத் திருப்பத் திருப்ப இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறித் தெரிவது இதனால்தான். சோப்புக் குமிழியில் வானவில் நிறங்கள் தெரிகின்றனவே, அதற்கும் காரணம் இதே. முத்துக்கு அடிப்படையாக ஒரு நிறமும் உண்டு. வெள்ளை, மஞ்சள், சாம்பல் என்று சிப்பியின் இனத்தைப் பொறுத்து அது மாறும். டஹிடித் தீவுகளில் உள்ள கருவிளிம்புச் சிப்பி கறுப்பு முத்து தருகிறது.

இனி முத்துக்கு வருவோம்.

போர்வைத்தோலின் வேலை ஓடு கட்டுவது என்று பார்த்தோம். அந்தத் தோலின் சில செல்கள் இருக்க வேண்டிய இடத்தை விட்டு, சிப்பியின் சதைக்குள் தவறிப் போய்விட்டால் என்ன ஆகும்? முத்தின் ரகசியம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. கிளாத்தி மீன் வந்து ஓட்டைக் கடித்து உடைக்கும்போது போர்வைத்தோல் கிழியலாம். ஓட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும் உயிரியோ ஒட்டுண்ணிப் புழுவோ தோலின் துணுக்கைச் சதைக்குள் தள்ளிவிடலாம். எப்படியோ, ஓடு கட்டத் தெரிந்த சில செல்கள் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. அவை செத்துப்போவதில்லை. பெருகுகின்றன. பெருகி, வட்டமாகச் சேர்ந்து, ஒரு சின்னப் பை ஆகின்றன. இதற்கு முத்துப்பை என்று பெயர்.

இடம் மாறிவிட்டாலும் இந்தச் செல்களுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: ஓடு கட்டுவது. அதையே தொடர்ந்து செய்கின்றன. பைக்கு வெளியே சதை. ஆகவே பைக்கு உள்ளே சுரக்கின்றன. அடுக்கின்மேல் அடுக்காக, எல்லாப் பக்கமும் சமமாகப் படிந்து, நடுவில் ஓர் உருண்டை வளர்கிறது. புழுவோ வேறு துணுக்கோ அங்கே இருந்தால் அதுவும் உருண்டைக்குள் அடங்கிவிடும். எதுவும் இல்லாமல் வெறும் பையாக இருந்தாலும் முத்து வளரும். ஆகவே முத்து என்பது ஓட்டுக்குச் சம்பந்தமில்லாத தனி அதிசயப் பொருள் இல்லை. சிப்பியின் ஓடே உள்வெளி மாறி, உருண்டையாகக் கட்டப்பட்டால் அதுதான் முத்து. சில இயற்கை முத்துகளை அறுத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். நடுவில் ஓட்டின் வெளிப்பக்கத்தில் உள்ள புரதமும் தூண் அடுக்கும், அதற்கு மேல் முத்துப்படலம். ஓட்டில் உள்ள அதே வரிசை!

“இதெல்லாம் சரி, மணல் இல்லை, தோல் செல்தான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?” என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்டால் சந்தோஷம். ஏனென்றால் அதற்கு மிகத் தெளிவான சோதனைகள் இருக்கின்றன. முத்து வளர்ப்பவர்கள் பல வருடமாகச் செய்து பார்த்து அறிந்தவை இவை.

முதல் சோதனை: வழவழப்பான சின்ன மணி ஒன்றைச் சிப்பியின் ஓட்டுக்கும் போர்வைத்தோலுக்கும் நடுவில் வைத்தார்கள். தோல் தன் வழக்கமான வேலையைச் செய்தது. மணிக்கு மேல் முத்துப்படலம் படிந்தது. ஆனால் அது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு, கொப்புளம்போல அரை உருண்டையாகத்தான் வந்தது. சீனாவில் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறார்கள். புத்தரின் சின்ன ஈய உருவங்களை நன்னீர் மட்டிகளின் ஓட்டோரம் செருகி வைத்துவிட்டு, சில காலம் கழித்துத் திறந்தால், முத்துப்படலம் பூசிய புத்தர் ஓட்டிலேயே உட்கார்ந்திருப்பார்! ஜப்பானில் மிக்கிமோட்டோ கோகிச்சி என்பவர் 1893-ல் வளர்த்தெடுத்ததும் இப்படிப்பட்ட அரை முத்துதான்.

இரண்டாவது சோதனை: மணியை மட்டும் சிப்பியின் சதைக்குள் ஆழமாக வைத்தார்கள். முத்து வரவில்லை. மணி மணியாகவே இருந்தது, அல்லது சிப்பி அதை வெளியே துப்பிவிட்டது. மணல் கதை உண்மை என்றால் இங்கே முத்து வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது: மணியோடு சேர்த்து, இன்னொரு சிப்பியின் போர்வைத்தோலிலிருந்து வெட்டிய குட்டித் துண்டு ஒன்றையும் ஒட்டினாற்போல வைத்தார்கள். அந்தத் தோல் துண்டு வளர்ந்து மணியைச் சுற்றிப் பையானது. முழு உருண்டை முத்து கிடைத்தது. நான்காவது: மணியே வைக்காமல் தோல் துண்டை மட்டும் வைத்தார்கள். அப்போதும் முத்து வந்தது. சீனாவின் நன்னீர் முத்துகளில் பெரும்பாலானவை இன்றும் இப்படித்தான் வளர்க்கப்படுகின்றன; ஒரே மட்டியில் முப்பது முத்துகூட எடுக்கிறார்கள். இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தோல் செல் இருந்த இடத்தில் முத்து வந்தது. அது இல்லாத இடத்தில் வரவில்லை.

இந்த வேலையில் நம் ஊருக்கும் பெரிய பங்கு உண்டு. தூத்துக்குடி அருகே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1973-ல் இந்தியாவின் முதல் முழு உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். 1981-ல் தூத்துக்குடியிலேயே சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியில் பொரிக்க வைக்கவும் வழி கண்டார்கள். பள்ளிப் பாடத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம் என்பது என் ஆசை.

சிப்பிக்குள் மணியையும் தோல் துண்டையும் வைக்கும் அறுவை சிகிச்சை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். சிப்பி லேசில் வாய் திறக்காது. பலவந்தமாகத் திறந்தால் தசை கிழிந்து செத்துவிடும். அதனால் தண்ணீரில் மென்தால் போடுகிறார்கள். தலைவலித் தைலத்தில் குளுகுளுவென்று இருக்குமே, அதே மென்தால். அதில் சிப்பி மயங்கி, தசை தளர்ந்து, ஓடு தானாக விரியும். மூடிவிடாமல் இருக்க நடுவில் சின்ன ஆப்பு ஒன்றைச் செருகிவிட்டு, சிப்பியைத் தாங்கியில் நிறுத்துவார்கள். இதற்கு முன்பே வேறொரு சிப்பியின் போர்வைத்தோலில் மெல்லிய கீற்று ஒன்றை வெட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரங்களாக நறுக்கித் தயாராக வைத்திருப்பார்கள். கூரான கத்தியால் சிப்பியின் காலடியில் சின்னதாகக் கீறி, சதைக்குள் பாதை போட்டு, முதலில் தோல் துண்டு, பிறகு மணி, இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்படி உள்ளே வைக்க வேண்டும். தொடாவிட்டால் மணி ஒரு பக்கம், முத்து ஒரு பக்கம் என்று ஆகிவிடும். தோல் துண்டைத் தலைகீழாக வைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கை பழக வருடக்கணக்கில் ஆகும்.

உள்ளே வைக்கும் மணியும் சிப்பி ஓட்டிலிருந்து கடைந்து எடுத்ததுதான். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று மட்டிகளின் ஓடு தடிமனாக இருப்பதால் உலகெங்கும் முத்து வளர்ப்பவர்கள் அதைத் தேடி வாங்கியிருக்கிறார்கள்.

சிகிச்சை முடிந்த சிப்பிகளை நல்ல ஓட்டமுள்ள கடல்நீரில் வைத்து மயக்கம் தெளிய விடுவார்கள். பிறகு கூண்டுகளில் அடுக்கி, கடலில் மிதக்கும் தெப்பங்களில் கட்டித் தொங்கவிடுவார்கள். அதன்பின் வேலை முழுக்கச் சிப்பியுடையது. மனிதர்களுக்குக் காவலும் சுத்தமும்தான் வேலை. ஓட்டின் மேல் கொட்டலசு ஒட்டும், பாசி படரும். அவற்றை அவ்வப்போது சுரண்டி எடுக்காவிட்டால் சிப்பி வாய் திறக்கவே திணறும். சில சிப்பிகள் இறந்துவிடும், சில மணியைத் துப்பிவிடும். மிச்சமிருப்பவற்றில் எல்லாமே நல்ல முத்தாக வந்துவிடாது. மாதங்கள் பல ஆகும், சில இனங்களில் இரண்டு வருடமும் ஆகும். ஜப்பானில் அறுவடையைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள்கிறார்கள். குளிரில் சிப்பி மெதுவாகச் சுரக்கும், அடுக்குகள் இன்னும் மெல்லியதாக வரும், மேற்பரப்பு கண்ணாடியாக மின்னும்.

வளரும்போது முத்து பைக்குள் சும்மா கிடப்பதில்லை, மெதுவாகச் சுழல்கிறது என்பதையும் விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். எல்லாப் பக்கமும் மாறி மாறித் திரும்பினால் உருண்டை. ஒரே அச்சில் பம்பரம்போலச் சுற்றினால் முத்தின் மேல் வளையம் வளையமாக வரி விழும். தசைக்கு நெருக்கமாக மாட்டிக்கொண்டு சுழல இடமில்லாமல் போனால் கோணல்மாணல் முத்துதான். கடையில் கோணல் முத்தைப் பார்த்தால் போலி என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் அசல்தான்.

வளர்ப்பு முத்தும் அசலா என்று பலரும் கேட்பார்கள். ஆம், அசலேதான். மணியை வைத்ததுதான் மனிதர், முத்துப்படலத்தைக் கட்டியது சிப்பி. எக்ஸ்ரே எடுத்தால் மட்டும் உள்ளே இருக்கும் மணி வட்டமாகத் தெரியும். போலி என்பது கண்ணாடி மணிக்கோ பிளாஸ்டிக் மணிக்கோ பளபளப்பான பூச்சுப் பூசி விற்பது. முத்தைப் பல்லின் விளிம்பில் மெல்ல உரசினால் அசல் நறநறவென்று லேசாகச் சொரசொரக்கும், போலி வழுக்கும். அந்தச் சொரசொரப்பு என்ன தெரியுமா? நாம் பார்த்த அந்தத் தகடுகளின் விளிம்புகள்தான்.

வளர்ப்பு முத்து வருவதற்கு முன் முத்து வேண்டும் என்றால் மனிதர்கள் கடலுக்குள் குதிக்க வேண்டியிருந்தது. மன்னார் வளைகுடாவில் சிப்பிகள் கூட்டமாக வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள். தொலாயிரம் பார், பெரிய பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பாண்டியர்களின் கொற்கைத் துறைமுகம் இந்த முத்தால்தான் உலகப் புகழ் பெற்றது. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய எரித்ரியக் கடல் பயண நூலில், கொற்கைப் பக்கம் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்க வைத்தார்கள் என்ற செய்தி இருக்கிறது. வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். பின்னாளில் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் இந்தத் தொழிலில் பேர் பெற்றார்கள். இன்று கொற்கைக்குப் போனால் கடலைப் பார்க்க முடியாது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனமான கல்லின் மேல் காலை வைத்து, மூச்சை அடக்கி, கல்லின் கனத்தோடு விறுவிறுவென்று கீழே போவார். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது, கண்ணாடி கிடையாது. ஒரு நிமிடம் போலத்தான் நேரம். அதற்குள் கைக்கு வந்த சிப்பிகளை அள்ளி வலைக்கூடையில் போட்டுவிட்டுக் கயிற்றை அசைத்தால், படகில் இருப்பவர் மேலே இழுப்பார். நாளெல்லாம் இப்படியே. மேலே வந்த சிப்பிகளைக் கரையில் குவித்து, அழுகவிட்டு, சதை கரைந்தபின் அலசி முத்தைத் தேடுவார்கள். அந்த நாற்றம் தாங்காது என்று அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். இலங்கைப் பக்கத்துப் பார்களில் 1905-ல் மட்டும் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகளை எடுத்தார்கள். முத்து இருந்ததோ இல்லையோ, எட்டுக் கோடியும் செத்தவைதான். கேட்கவே மனது கனக்கிறது.

பார்கள் எல்லா வருடமும் நிறைந்திருப்பதில்லை. சில வருடம் கோடிக்கணக்கில் சிப்பி இருக்கும், அடுத்து நீண்ட காலம் பாறை வெறுமையாகக் கிடக்கும். நீரோட்டம் குஞ்சுகளை வேறு பக்கம் கொண்டுபோய்விடலாம், திருக்கையும் நட்சத்திர மீனும் தின்று தீர்த்துவிடலாம், மணல் வந்து மூடிவிடலாம். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல்.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டப்படும் முத்து, வைரத்தைப் போலக் கடினமானது இல்லை. நகத்தைவிடக் கொஞ்சம்தான் கெட்டி. சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டால் கீறல் விழும். அதைவிடப் பெரிய பகைவன் புளிப்பு. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கடற்கரையில் பொறுக்கிய காலி ஓட்டுத் துண்டு ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, மூழ்கும் வரை வினிகர் ஊற்றுங்கள். ஓட்டிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பும். அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைப்பதால் வரும் கார்பன் டை ஆக்சைடு வாயு அது. ஓரிரு நாள் விட்டுவைத்தால் ஓடு மெலிந்து, மினுமினுப்புப் போயிருக்கும். முத்தும் அதே பொருள்தானே, அதற்கும் அதே கதிதான்.

எனவே வீட்டில் அம்மாவிடமோ பாட்டியிடமோ முத்து வைத்த நகை இருந்தால், நீங்கள் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மற்ற நகைகளோடு சேர்த்து அதைப் புளித் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துத் துலக்க வேண்டாம். சென்ட், பவுடர் எல்லாம் போட்டு முடித்த பிறகு கடைசியாக முத்தை அணியச் சொல்லுங்கள். கழற்றியதும் ஈரமான மெல்லிய துணியால் வியர்வையைத் துடைத்து, உலரவிட்டு, தனித் துணிப்பையில் வைத்தால் போதும்.